காரணம்: சும்மா

திருவாடானைப் பக்கம் ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே போவதற்குக் காரணங்கள் உண்டு. தண்ணீருக்குப் போவாள். சீமைக்கருவேல விறகுக்குப் போவாள். மிளகாய்ப் பழம் எடுக்க, களை பறிக்க, நூறு நாள் வேலைக்கு, ரேஷனுக்கு, கல்யாணத்துக்கு, கேதத்துக்கு. 'வெளிக்குப் போறேன்' என்று ஒரு பெண் சொன்னால் எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீடுகளில் கழிப்பறை வரும் வரைக்கும் அதையும் இருட்டுகிறவரை அடக்கி வைத்திருந்து, துணைக்கு இன்னொருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. இந்தப் பட்டியலை எத்தனை நீட்டினாலும் ஒரு காரணம் மட்டும் அதில் வராது. 'சும்மா போனேன்' என்று எந்தப் பெண்ணும் சொல்லி நான் சின்ன வயதில் கேட்டதில்லை.

ஆண்களின் பயணத்துக்கு எங்கள் கரையில் தனிச் சொல்லே இருக்கிறது. தொண்டியிலிருந்து தெற்கே கீழக்கரை வரைக்கும், கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போகிறவரைச் சபுராளி என்பார்கள். முன்பு பர்மா, மலேயா, சிங்கப்பூர். இப்போது துபாய், சவுதி. சபுராளியின் மனைவிக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. அவள் காத்திருப்பவள்.

இந்தக் கரையிலிருந்து என் அக்கா மகள் 2023 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனாள். ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. உலகம் அறிந்தது ஒன்று. அதிலிருந்து கிழக்கே ஹெடிங்டன் மேட்டில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் இன்னொன்று. அவள் சேர்ந்தது இரண்டாவதில், ஊட்டச்சத்து அறிவியலில் முதுகலை. அக்கா வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது. சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொன்னார்கள். "கட்டிக் குடுத்துட்டா அவன் கூட்டிட்டுப் போகட்டும்" என்பதுதான் அதில் மிகவும் மரியாதையானது.

2024 ஏப்ரல் கடைசியில், கோடை விடுமுறையோடு சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு நான் அவளைப் பார்க்கக் கிளம்பினேன். அக்கா பருப்புப்பொடி, மோர் மிளகாய், கருவாடு எல்லாம் கட்டிக் கொடுத்தாள். கருவாட்டை மட்டும் எடுத்து வெளியே வைத்தேன். பேருந்து நிறுத்தத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, அவ எப்படி இருக்கான்னு ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றாள். 'எப்படி' என்ற சொல்லில் எத்தனை கேள்விகள் இருந்தன என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கௌலி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் அவள் குடியிருந்தாள். நான்கு அறை, ஒரு அடுப்படி. மலையாளப் பெண் ஒருத்தி, நேபாளத்துப் பெண் ஒருத்தி, நைஜீரியாவிலிருந்து வந்த முப்பத்தைந்து வயது அம்மா ஒருவர். குளிர்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு, அதில் ஆளுக்கு ஒரு பெயர்ச்சீட்டு. கடுகு தாளித்தால் கூரையில் இருக்கும் புகைமணி அலறும். உடனே நால்வரில் யார் பக்கத்தில் இருந்தாலும் சன்னலைத் திறந்து துண்டால் விசிற வேண்டும். அந்த வீட்டின் எழுதாத சட்டம் அது. படிப்புக் காலத்தில் மாணவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அவள் அந்த இருபதையும் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலையாகச் செய்தாள். தாத்தா பாட்டிகளைப் புரட்டிப் படுக்க வைப்பது, கழுவி விடுவது, மாத்திரை கொடுப்பது. அம்மாவிடம் 'ஆபீஸ் மாதிரி ஒரு வேலை' என்று சொல்லியிருந்தாள். "நீங்களும் அப்படியே சொல்லிருங்க சின்னம்மா" என்றாள்.

நைஜீரிய அம்மாவுக்கு ஆறு வயதில் ஒரு மகன். 2024 சனவரி முதல் புதிதாக வரும் முதுகலை மாணவர்கள், ஆராய்ச்சிப் படிப்புக்காரர்கள் தவிர, கணவனையோ குழந்தையையோ உடன் அழைத்துவரக் கூடாது என்று அந்த நாட்டு அரசு விதித்துவிட்டது. சட்டத்தில் ஆண், பெண் என்று எதுவும் எழுதியிருக்காது. ஆனால் குழந்தையை விட்டுவிட்டுப் படிக்கப் போக எந்த ஊரிலும் ஒரு அப்பா யோசிப்பதைவிட ஒரு அம்மா அதிகம் யோசிப்பாள். விதி வருவதற்கு முன்பே வந்தவர்தான் அவர். ஆனாலும் மகனை அழைத்து வரப் பணம் சேரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்து கைப்பேசியில் அவனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பார்.

நான் போன மூன்றாம் நாள் மே ஒன்று. விடியக்காலை நாலரைக்கு அவள் என்னை எழுப்பினாள். "எங்கடி?" என்றேன். "பாட்டுக் கேக்க." வீட்டுப் பெண்கள் நாலு பேரும் நானுமாக இருட்டில் நடந்தோம். மாக்டலின் கல்லூரிக் கோபுரத்தின் உச்சியில் மே முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பாடகர் குழு நின்று பாடும். ஐந்நூறு வருடப் பழக்கம் என்கிறார்கள். பாலத்திலும் தெருவிலும் ஆயிரக்கணக்கான பேர். முந்தின இரவு முழுக்க நடனமாடிவிட்டுத் தூங்காமல் வந்த பெண்கள், நீளமான பட்டு உடையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரத் தெருவில் வெறுங்காலோடு நின்றார்கள். மேலிருந்து வந்த பாட்டு பாதிதான் காதில் விழுந்தது. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. இரவு முழுக்க வெளியே இருந்துவிட்டு, விடிந்த பிறகும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியில்லாத இத்தனை பெண்களை நான் ஒரே இடத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் சிவராத்திரிக்கும் பொங்கல் விழாக் கூத்துக்கும் பெண்கள் விழித்திருப்பார்கள்தான். அங்கே சாமி இருக்கிறது, காரணம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. அன்று ஊரின் கிழக்குக் கோடியிலிருந்து வடமேற்குக் கோடி வரை நடந்தோம். அவள் கைப்பேசியில் 'காசு இல்லாத இடங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். கட்டணம் வாங்கும் கல்லூரிகள் அதில் இல்லை. ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் இருந்தது, ஆற்றங்கரைகள் இருந்தன.

உட்ஸ்டாக் சாலையில் சாமர்வில் கல்லூரி வாசலில் நின்றோம். 1879இல் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரி. 1889இல் இங்கே வந்து சேர்ந்தவர் கார்னேலியா சொராப்ஜி. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி. இங்கிலாந்தில் படிக்க அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய அரசு உதவித்தொகை, பெண் என்பதால் மறுக்கப்பட்டது. ஆங்கிலேயப் பெண்கள் சிலர் முன்னின்று பணம் திரட்டி வரவழைத்தார்கள். 1892இல் தனி அனுமதி பெற்றுச் சட்டத் தேர்வு எழுதினார். பட்டம் கையில் கிடைத்தது 1922இல், முப்பது வருடம் கழித்து. ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியதே 1920இல்தான். கேம்பிரிட்ஜ் 1948 வரை எடுத்துக்கொண்டது. 1880களில் இங்கே ஒரு மாணவி ஆண்கள் இருக்கும் விரிவுரைக்குப் போனால், அவளுக்குத் துணையாக மூத்த பெண் ஒருவர் கூடவே போய் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். வர்ஜீனியா உல்ஃப் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் 1928இல் ஆற்றிய உரைகளிலிருந்து உருவாகி, 1929இல் வெளிவந்தது 'தனக்கென்று ஓர் அறை'. அதில் கல்லூரிப் புல்வெளியில் கால் வைத்த பெண் விரட்டப்படுகிறாள். நூலகத்தில் நுழைய அவளுக்குக் கல்லூரிக்காரர் ஒருவரின் துணையோ அறிமுகக் கடிதமோ தேவைப்படுகிறது.

இதையெல்லாம் நான் வகுப்பில் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே நின்று அவளிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி வேறாக இருந்தது. "அப்ப இங்கயும் லோக்கல் கார்டியன் லெட்டர் இருந்திருக்கா சின்னம்மா?"

இருந்தது. எங்களுக்கு ரொம்பத் தூரத்தில் இல்லாத கதையும் உண்டு. திருவாடானையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் புதுக்கோட்டையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மகாராஜா கல்லூரியில் ஒரே பெண்ணாகச் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. மன்னர் சேர்க்கச் சொன்னார். மருத்துவராகி, 1925இல் அரசு உதவியோடு பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற லண்டனுக்குப் போனார். அந்தத் திரையும் ஆக்ஸ்ஃபோர்டு வகுப்பில் உட்கார்ந்திருந்த துணைக்கிழவியும் ஒரே துணியில் வெட்டியவை. மே மாதக் காலையில் வெறுங்காலோடு நின்ற பெண்களுக்கு அந்தத் தெரு குளிர்நாட்டுப் பண்பாட்டால் கிடைத்துவிடவில்லை. ஒவ்வொரு வாசலாகக் கேட்டு, மறுக்கப்பட்டு, மறுபடி கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கல்லூரியின் பின்பக்கம் வால்டன் தெரு. அதில் ஒரு குறுகலான பாதைக்குள் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். தமிழ் படித்தவர் ஆக்ஸ்ஃபோர்டு போனால் ஜி.யு.போப் கல்லறையைப் பார்க்காமல் திரும்ப முடியாது. திருவாசகத்தை 1900இல், தம் எண்பதாம் வயதில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று அவர் கல்லறையில் எழுதியிருப்பதாகப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள். கல்லில் அந்த வாசகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்று இருக்கிறது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றும் இருக்கிறது. அவர் மனைவி ஹென்றியேட்டாவும் அங்கேதான் அடங்கியிருக்கிறார். அவரைப் பற்றி எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. இரண்டு இரவு வேலை பார்த்த கண்ணோடு, புல்லில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் அக்கா மகள் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லில் இல்லாத தமிழ் மாணவர் பக்கத்தில் இருந்தார்.

அங்கிருந்து கால்மணி நடையில் போர்ட் மெடோ. ஆற்றோரம் விரிந்து கிடக்கும் பொதுப் புல்வெளி. ஏறக்குறைய 4,000 வருடமாக ஏர் படாத நிலம் என்கிறார்கள். குதிரைகளும் மாடுகளும் அவிழ்த்துவிட்டபடி மேய்கின்றன. மழைக்காலத்தில் பாதி நிலம் தண்ணீருக்குள் போய்விடுமாம். எனக்கு ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் வற்றிய பங்குனி மாதம் ஞாபகம் வந்தது. அதே மாதிரி கண்ணுக்கு எட்டுகிறவரை வெட்டவெளி, அதே மாதிரி மாடு. ஆனால் கண்மாய்க்குள் தனியாக நிற்கும் பெண்ணை எங்கள் ஊரில் ஒன்று மாடு தேடி வந்தவள் என்பார்கள், அல்லது விழுந்து சாக வந்தவள் என்பார்கள். இங்கே ஒருத்தி புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க அடிக்கடி வருவியா?"

"வாரா வாரம்."

"என்ன செய்வ?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். சும்மா நடப்பேன்."

புல்வெளியின் மறுகோடியில் காட்ஸ்டோ மடத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் எழுந்து 1539இல் கலைக்கப்பட்ட கன்னியர் மடம். 15ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் இந்த மடத்துக்கு எழுதிய கட்டளைகளில், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களோடு கன்னியர் பேசக் கூடாது என்பதும் உண்டு. சுவருக்கு உள்ளே இப்போது ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அவளுடைய ஊர்சுற்றலில் பயமே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். இரவு வேலை முடிந்து வரும்போது சாவிக்கொத்தை விரலிடுக்கில் நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். வீட்டில் நால்வரும் தாங்கள் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஓடும் காரிலிருந்து ஒருவன் அவள் நிறத்தைச் சொல்லிக் கத்தியிருக்கிறான். 2021 மார்ச்சில் லண்டனில் வீட்டுக்கு நடந்து போன சாரா எவரார்டைக் கடத்திக் கொன்றவன் ஒரு போலீஸ்காரன். 1970களில் வட இங்கிலாந்தில் ஒருவன் பெண்களைத் தொடர்ந்து கொன்றபோது, பெண்கள் இரவில் வெளியே வர வேண்டாம் என்றுதான் போலீஸ் சொன்னது. அதற்குப் பதிலாக 1977இல் லீட்ஸிலும் வேறு நகரங்களிலும் பெண்கள் இரவில் ஊர்வலம் போனார்கள். கொல்கிறவன் ஒருவன் என்றால் ஊரடங்கு ஏன் எங்களுக்கு என்று கேட்டார்கள்.

அவள் பயத்தைப் பற்றி எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். அவள் கைப்பேசியில் இடம் காட்டுவது அனுமதி வாங்க இல்லை. நால்வரும் சமமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அக்காவும் தினமும் அழைத்து "எங்க இருக்க?" என்றுதான் கேட்பாள். அதே கேள்விதான். அக்கா கேட்கும்போது மட்டும் அவள் பதில் சொல்லாமல் ஒரு காரணத்தைச் சொன்னாள். "லைப்ரரிக்குப் போறேம்மா." புல்வெளியில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அந்தக் காரணம் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் விடுதிகளில் 'அவுட்டிங்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது உல்லாசமாக வெளியே போய்வருவது. நம் பெண்கள் விடுதியில் அது ஒரு ரிஜிஸ்டர். பெயர், வகுப்பு, போகும் நேரம், திரும்பும் நேரம், போகும் இடம், காரணம், வார்டன் கையொப்பம். நான் படித்த காலத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு. 'பல் டாக்டர்' என்று எழுதித்தான் நாங்கள் படம் பார்க்கப் போனோம். மாணவர் விடுதியிலும் ரிஜிஸ்டர் இருந்தது. அதில் காரணம் என்ற கட்டம் இல்லை. பெண்ணின் நடமாட்டத்தைத் தடுப்பதை விட, அதற்குக் காரணம் கேட்பது ஆழமாக வேலை செய்கிறது. தடை என்றால் எதிர்க்கத் தோன்றும். காரணம் கேட்டால் பொய் சொல்லத் தோன்றும். அந்தப் பொய் கடல் தாண்டியும் கூடவே வருகிறது.

2011இல் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து எழுதிய 'வை லாய்ட்டர்?' என்ற நூல் இதைத்தான் பேசியது. வேலைக்கும் கடைக்கும் போகும் பெண்ணை நகரம் பொறுத்துக்கொள்கிறது. காரணமில்லாமல் நிற்கும் பெண்ணைப் பொறுப்பதில்லை. 2015இல் டெல்லியில் 'பிஞ்ரா தோட்' மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கிளம்பினார்கள். 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு ஒன்பதரை மணிப் பூட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நம் மாநிலத்தில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதில் ஏறும் பெண்ணிடம் எதற்குப் போகிறாய் என்று நடத்துநர் காரணம் கேட்பதில்லை. அந்தத் திட்டத்தின் பெரிய நன்மையாக நான் நினைப்பது மிச்சமாகும் பணத்தோடு சேர்ந்து கிடைக்கும் இந்தக் கேள்வியில்லாத ஏற்றத்தைத்தான்.

ஊருக்குத் திரும்பியதும் அக்கா கேட்டாள், "எப்படித்தா இருக்கா?"

"நல்லா ஊர் சுத்துறாக்கா" என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி இதைவிட மோசமாக எதையும் சொல்லிவிட முடியாது. நான் அதை நல்ல சேதியாகச் சொன்னேன் என்பது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முதியோர் இல்லத்தைப் பற்றி நான் பேசவில்லை. அது அவள் மகள் சொல்ல வேண்டியது. போர்ட் மெடோ படங்களைக் காட்டினேன். அக்கா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மாடெல்லாம் நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "அங்க போய்ட்டு வர எம்புட்டுச் செலவாகும்?" என்றாள். அவள் மதுரையைத் தாண்டியதில்லை. பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஆண்டு கல்லூரி திறந்ததும் விடுதிக் குழுக் கூட்டத்தில் ரிஜிஸ்டரிலிருந்து காரணம் என்ற கட்டத்தை எடுத்துவிடலாம் என்றேன். பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது என்றார் ஒருவர். போன இடமும் திரும்பும் நேரமும் இருக்கிறதே, ஆபத்தென்றால் தேட அது போதாதா என்றேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். கடைசியில் கட்டம் இருக்கட்டும், நிரப்புவது கட்டாயமில்லை என்று முடிவானது. முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகள் பழையபடி 'ஜெராக்ஸ்', 'பல் டாக்டர்' என்றே எழுதினார்கள். ஆகஸ்டில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, 'போகும் இடம்: தொண்டிக் கடற்கரை, காரணம்: சும்மா' என்று எழுதி என் முன்னால் நீட்டினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் நேரம் மாலை ஆறு மணி என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதைப் பேச வேண்டும்.